அப்பா பெயரை மாற்றினாரா?

அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் தம்பி ஒருவனுக்கு உதவிக்கொண்டிருக்கிறேன். 'உன்னைப் பற்றி எழுது' என்கிறார்கள். இந்தக் கேள்வியின் பூர்வீகம் தெரியுமா தோழர்களே?

ஹார்வர்டில் ஒரு காலத்தில் தேர்வில் தேறினால் இடம் உண்டு. யூத மாணவர்கள் தேறி வந்தார்கள். 1922இல் அதன் தலைவர் லோவல் அவர்களுக்கு உச்சவரம்பு வைக்கப் பார்த்தார்; ஆசிரியர்கள் ஏற்கவில்லை. பிறகு 'குணநலன்' என்ற அளவுகோல் முன்னுக்கு வந்தது. விண்ணப்பத்தில் இனம், மதம், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், அப்பா பெயரை மாற்றியிருக்கிறாரா என்றெல்லாம் கேட்டார்கள். நம்மூர் 'நீங்க எந்தத் தெரு?' தான், வேறென்ன!

2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கிலெடுப்பதைத் தடுத்தது. இனத்தால் பட்டதைக் கட்டுரையில் சொல்லிக்கொள்ளலாமாம்.

தம்பி எங்கள் தெருச் சாக்கடையிலிருந்து தொடங்கியிருந்தான். அவன் நடத்தும் இரவுப் பாடசாலை கடைசிப் பத்தியில் இரண்டே வரி. அதை மேலே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.