காரை டீட்டெய்லிங் விடப் போறீங்களா? சாவியைக் கொடுக்கும் முன் இந்த 10 நிமிடம் முக்கியம்!

முருகன் - தெய்வானை திருமணம் நடந்த தலம் என்பதால், முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றம் கோயிலைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பூ கட்டிய கார்கள்தான். கல்யாணம் முடிந்த மறுநாள் அந்தக் காரைப் பார்த்தால், பானட்டில் காய்ந்த சந்தனம், குங்குமக் கறை, மாலையை ஒட்டிய டேப்பின் பிசின், அதற்கு மேல் ஒரு அடுக்கு புழுதி. அப்படியே டீட்டெய்லிங் கடைக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். கழுவி முடித்ததும் கதவில் நீளமாக ஒரு கீறல் தெரிகிறது.

"இது முன்னாடியே இருந்துச்சு சார்" என்கிறார் கடைக்காரர். "நான் விடும்போது இல்லப்பா" என்கிறார் உரிமையாளர். யார் சொல்வது உண்மை? இரண்டு பேரிடமும் ஆதாரம் இல்லை. இந்தச் சண்டையே வராமல் தடுப்பதுதான் வேலை தொடங்கும் முன் செய்யும் ஆய்வு.

வாட்டர் வாஷ் வேற, டீட்டெய்லிங் வேற

வாட்டர் வாஷில் அழுக்கு மட்டும்தான் போகும். டீட்டெய்லிங்கில் பாலிஷ் மெஷின் வைத்து பெயின்ட்டின் மேல் பரப்பையே லேசாகத் தேய்த்து எடுக்கிறார்கள். அதன் பிறகு வேக்ஸ் அல்லது செராமிக் கோட்டிங் போடுகிறார்கள். தேய்த்து எடுத்த பெயின்ட் திரும்ப வராது. அதனால்தான் முதலிலேயே வண்டியின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்னென்ன பார்க்கணும்?

* வெளிப்புறம்: முன் பம்பரில் தொடங்கி ஒரு சுற்று வந்து கீறல், டொக்கு, கண்ணாடி விரிசல், அலாய் வீல் உராய்வு, ஆடும் எம்பளம், கிழிந்த ரப்பர் பீடிங் என எல்லாவற்றையும் போட்டோ எடுக்கணும்.
* டேஷ்போர்டு: இன்ஜினை ஸ்டார்ட் செய்து கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, எரியும் எச்சரிக்கை விளக்குகளை வீடியோ எடுக்கணும். பவர் விண்டோ, டச் ஸ்கிரீன், ஏசி வேலை செய்கிறதா என்பதும் அதில் வரணும்.
* உட்புறம்: சீட் கிழிசல், சிகரெட் சூடு, மேற்கூரைத் துணியின் கறை.
* இன்ஜின் பகுதி: எலி கடித்த வயர், திறந்து கிடக்கும் கனெக்டர் இருந்தால் அங்கே தண்ணீர் அடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கணும்.
* பொருட்கள்: நகை, பணம், ஆர்சி புக் போன்றவற்றை உரிமையாளரே எடுத்துவிட வேண்டும்.

பெயின்ட் எவ்வளவு தடிமன்?

பெயின்ட் தடிமனை அளக்க ஒரு சின்ன மீட்டர் இருக்கிறது. கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் சுமார் 35 முதல் 50 மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால், கிளியர் கோட் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கதவு மட்டும் 300 மைக்ரானுக்கு மேல் காட்டினால், அங்கே டிங்கரிங் செய்து பட்டி பார்த்து மறுபடி பெயின்ட் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். மற்ற இடங்களைவிட மிகக் குறைவாகக் காட்டினால், அந்த இடத்தில் ஏற்கனவே பலமுறை பாலிஷ் போட்டிருக்கலாம். அங்கே மறுபடி அழுத்தித் தேய்த்தால் கிளியர் கோட் போய்விடும். இந்த மீட்டர் உலோகத்தில்தான் வேலை செய்யும். பிளாஸ்டிக் பம்பரில் அளக்க முடியாது.

மீட்டர் இல்லையா? கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது ஆழமான கீறல். பாலிஷில் முழுசா போகாது. "எல்லாம் போயிடும்" என்று கடைக்காரர் வாக்குக் கொடுக்கக் கூடாது, வாடிக்கையாளரும் எதிர்பார்க்கக் கூடாது.

கழுவிய பிறகு இன்னொரு முறை

பலரும் விடும் இடம் இதுதான். புழுதியோடு இருக்கும் காரில் பாதிக் கீறல் கண்ணுக்கே தெரியாது. எனவே கழுவித் துடைத்ததும், பாலிஷ் தொடங்கும் முன், டார்ச் லைட்டைச் சாய்வாக அடித்து மறுபடி பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகள், போர்வெல் தண்ணீரின் உப்புக் கறை, பறவை எச்சம் அரித்த தடம் எல்லாம் அப்போதுதான் தெரியும். புதிதாகத் தெரிவதை வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகே மெஷினைக் கையில் எடுக்கணும்.

'நிர்வாகம் பொறுப்பல்ல' போர்டு செல்லுமா?

சாவியை வாங்கிவிட்டால் கார் கடைக்காரரின் பொறுப்பில் வந்துவிடுகிறது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவுப்படி, தன் சொந்தப் பொருளைப் போல அவர் அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டெல்லியில் 1998-ல் ஒரு நட்சத்திர ஹோட்டலில் வாலே பார்க்கிங்கில் சாவி கொடுத்து விட்ட மாருதி ஜென் திருடு போனது. பார்க்கிங் சீட்டில் 'உரிமையாளரே பொறுப்பு' என்று அச்சடித்திருந்தார்கள். ஆனால் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அலட்சியம் இருக்கும்போது அந்த வரியைக் காட்டித் தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. அது பார்க்கிங் வழக்குதான். ஆனாலும் சாவி வாங்கும் கடைகள் யோசிக்க வேண்டிய தீர்ப்பு.

பிரச்சினை வந்தால் என்ன செய்வது?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். தீரவில்லை என்றால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் பில், தேதியோடு கூடிய போட்டோ, இருவரும் கையெழுத்திட்ட ஆய்வுச் சீட்டு இருந்தால்தான் புகார் நிற்கும்.

அந்தச் சீட்டு கடைக்காரருக்கும் பாதுகாப்புதான். செய்யாத கீறலுக்குக் கைக்காசு போட்டு பெயின்ட் அடித்துக் கொடுக்கும் நிலைமை அவருக்கும் வராது. அதனால் கடையில் சீட்டு தரவில்லை என்றால், நீங்களே போனை எடுத்து காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.