எட்டு மணி நேரமும் ஐந்நூறு ஆண்டுகளும்

யமேக்காத் தீவின் வடகரையிலே, சென்ற் ஆன் என்னும் பிரிவிலே, ஓச்சோ ரியோஸ் என்றொரு சிறிய கடற்கரைப் பட்டினம் இருக்கின்றது. புளோரிடாவிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்கள் காலையில் வந்து அதன் குடாவிலே கட்டுகின்றன. மாலையானதும் கட்டவிழ்த்துக்கொண்டு போய்விடுகின்றன. இடையிலே பிரயாணிகளுக்குக் கிடைப்பது ஏறக்குறைய எட்டு மணி நேரம். நீர்வீழ்ச்சியில் ஏறுவதா, மணலிலே படுத்திருப்பதா, கடைத்தெருவில் உலாவுவதா என்று அவர்கள் வாரக்கணக்கில் யோசித்துத் திட்டம் வகுக்கிறார்கள்.

இது அற்ப விஷயம் என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால், ஒருவன் தன் நாளை வகுக்கத் தொடங்குமுன்னரே அந்த நாளை அவனுக்காக வகுத்துவைத்தவர்கள் யார் என்றொரு கேள்வி இருக்கின்றது. ஓர் ஊரின் எந்த வாசல் அவனுக்குத் திறந்திருக்கின்றது, எந்த வாசல் அவ்வூராருக்கே அடைபட்டிருக்கின்றது என்பதைத் தீர்மானித்தது அவ்வூரின் சரித்திரமேயாகும். அச்சரித்திரத்தை அறியாமல் வகுக்கப்படும் எந்தத் திட்டமும் பிறர் வகுத்த திட்டமே.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். ஓச்சோ ரியோஸ் என்றால் ஸ்பானிய மொழியிலே எட்டு ஆறுகள். ஆனால் அங்கே எட்டு ஆறுகள் இல்லை. நீர்வீழ்ச்சிகள் மலிந்த அக்கரையை ஸ்பானியர் 'லாஸ் சொறெராஸ்' என்றனர். பின்வந்த ஆங்கிலேயரின் செவியிலே அது திரிந்து எட்டு ஆறுகளாயிற்று என்பர். வென்றவன் தவறாகக் கேட்டதே ஊரின் பெயராக நிலைத்துவிட்டது.

இக்கரைக்கு வந்த முதல் ஐரோப்பியப் பிரயாணி கொலம்பஸ். 1494ஆம் ஆண்டிலே அவன் யமேக்காவைக் கண்டான். 1503ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, புழு அரித்த இரண்டு கப்பல்களுடன் மீண்டும் வந்து, ஓச்சோ ரியோஸுக்கு மேற்கே ஏழு மைல் தூரத்திலுள்ள சென்ற் ஆன்ஸ் குடாவிலே தரைதட்டினான். ஓராண்டுக் காலம் அவனும் அவன் ஆட்களும் அங்கே கிடந்தனர். அவர்களுக்கு உணவளித்தவர்கள் அத்தீவின் ஆதிக்குடிகளாகிய தைனோ மக்கள். கேட்டது முடிவில்லாமற் போகவே அம்மக்கள் உணவு கொடுப்பதைக் குறைத்தனர். கொலம்பஸ் தன்னிடமிருந்த வானசாத்திர அட்டவணையைப் பார்த்து, 1504 பெப்ரவரி 29ஆந் திகதி சந்திரகிரகணம் வருமென்றறிந்து, தன் கடவுளின் கோபம் அது என்று அவர்களை அச்சுறுத்தி மறுபடியும் உணவு பெற்றான். வந்தவனுக்கும் இருந்தவனுக்கும் இடையே இக்கரையில் நடந்த முதற் கொடுக்கல்வாங்கல் இதுவே.

1509இல் ஸ்பானியர் அதே குடாவின் அருகே 'புதிய செவில்' என்னும் குடியேற்றத்தை நிறுவினர். கட்டாய வேலையாலும், ஐரோப்பாவிலிருந்து வந்த நோய்களாலும் தைனோ மக்கள் சில தலைமுறைகளுள் அழிந்தொழிந்தனர். அவர்கள் இடத்திற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். 1655இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றினர். 1658இல் ஓச்சோ ரியோஸுக்குக் கிழக்கே சில மைல் தூரத்திலுள்ள ரியோ நுவேவோவில் நடந்த போரிலே ஸ்பானியரின் நம்பிக்கை முறிந்தது. கொடி மாறியது, அடிமைத்தனம் மாறவில்லை. கரும்பு பெருகப் பெருக அது இன்னும் கொடிதாயிற்று.

1834 ஓகஸ்ட் முதலாந் திகதி அடிமைத்தனம் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எனினும் 'பயிற்சிக் காலம்' என்ற பெயரால் அது 1838 வரையும் நீடித்தது. பிரித்தானிய அரசாங்கம் தன் குடியேற்ற நாடுகளெங்குமுள்ள அடிமைச் சொந்தக்காரருக்கு இரண்டு கோடி பவுண் நட்டஈடு வழங்கிற்று. அடிமைகளாய் இருந்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. அந்த நட்டஈட்டிற்காகப் பெற்ற கடன் முழுவதும் தீர்ந்தது 2015ஆம் ஆண்டிலேதான் என்பதை அறியும்போது, பழைய கதையென நாம் எண்ணுவது எவ்வளவு அண்மையானது என்பது விளங்கும்.

விடுதலை பெற்றவர்கள் தோட்டங்களைவிட்டு நீங்கவே, முதலாளிகள் இந்தியாவை நோக்கினர். 1845 மே 10ஆந் திகதி முதலாவது ஒப்பந்தக் கூலிக் கப்பல் யமேக்காவை அடைந்தது. 1917 வரையும் முப்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு சென்றனர். கல்கத்தாவிலிருந்து மட்டுமன்றிச் சென்னையிலிருந்தும் சென்றவர்கள் அவர்கள். அதே காலத்திலேதான் தமிழ்நாட்டு மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். கடல்கள் வேறு, கணக்குப் புத்தகம் ஒன்று.

இனி உல்லாசப் பிரயாணத்தின் பிறப்பைப் பார்ப்போம். 1870ஆம் ஆண்டையொட்டி லொறென்சோ பேக்கர் என்ற அமெரிக்கக் கப்பற்றலைவன் யமேக்காவின் வாழைக்குலைகளை அமெரிக்காவுக்கு ஏற்றி விற்கத் தொடங்கினான். 1885இல் அவ்வியாபாரம் பொஸ்ரன் பழக் கம்பனியாயிற்று. 1899இல் யுனைட்டட் புரூட் கம்பனியுடன் கலந்தது. வடக்கே வாழைக்குலை ஏற்றிச்சென்ற வெண்ணிறக் கப்பல்கள் திரும்பி வரும்போது பிரயாணிகளை ஏற்றிவந்தன. குலையும் பிரயாணியும் ஒரே முதலாளியின் சரக்காயின. கப்பல் வரும் நாளும் போகும் நாளும் தீவு மக்களின் கையில் இருக்கவில்லை.

இக்கொடுமையைக் கண்ணாற் கண்ட ஒருவன் அதே சென்ற் ஆன்ஸ் குடாவிலே 1887ஆம் ஆண்டு பிறந்தான். அச்சுத் தொழிலாளியாக வளர்ந்த மார்க்கஸ் கார்வி, கொஸ்ரா ரிக்காவின் வாழைத் தோட்டத்திலே வேலைநேரம் குறிக்கும் எழுத்தனாக இருந்து, தன் நாட்டுத் தொழிலாளர் படும் பாட்டை அறிந்தான். 1914இல் கறுப்பு மக்களின் முன்னேற்றத்திற்காக ஒரு சங்கத்தை நிறுவினான். 1919இல் நியூயோர்க்கிலே 'கறுப்பு நட்சத்திரம்' என்னும் கப்பற் கம்பனியைத் தொடங்கினான். ஐந்து டொலர் பங்குகளைச் சமையற்காரிகளும் கூலியாட்களும் வாங்கினார்கள். பழங்கப்பல்களை அதிக விலைக்கு வாங்கியமையாலும், நிர்வாகக் குறைகளாலும், அரசாங்கத்தின் பகையாலும் 1922இல் அது முடங்கியது. கார்வி சிறையிடப்பட்டு, 1927இல் நாடுகடத்தப்பட்டான். 1940இல் லண்டனில் இறந்த அவனது உடலை, சுதந்திர யமேக்கா 1964இல் தாய்மண்ணுக்குக் கொண்டுவந்து, தேசிய வீரனாகப் போற்றிற்று. அவன் தவறுகள் உண்டு. ஆயினும், தம் கரையைத் தொடும் கப்பல் தம்முடையதாக இருக்கவேண்டும் என்று ஏழைகள் கண்ட கனவு தவறன்று.

ஓச்சோ ரியோஸ் அக்காலத்தில் ஒரு மீன்பிடிக் கிராமமே. 1949இல் அதன் கிழக்கே பெரிய கடற்கரை விடுதியொன்று எழுந்தது. 1952இல் யமேக்காவின் முதலாவது பொக்சைட் ஏற்றுமதி இத்துறையிலிருந்து புறப்பட்டது. தீவின் செம்மண்ணே கப்பலேறத் தொடங்கிற்று. 1962இல் நாடு சுதந்திரமடைந்தது. 1968இல் அமைக்கப்பட்ட நகர அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் குடாவைத் திருத்திக் கரையை விரிவாக்கியது. 1978இல், உண்டி, மது, விளையாட்டு யாவற்றுக்கும் ஒரே தொகையாக முன்பணம் பெறும் விடுதி முறை அங்கே வந்தது. யாவும் மதிலுக்குள் கிடைக்கும்போது விருந்தினன் வெளியே வருவானேன்? அவன் பணமும் மதிலுக்கு வெளியே வரவேண்டியதில்லை.

இவ்விடத்திலே ஒரு சட்டத்தைக் குறிப்பிடவேண்டும். 1956ஆம் ஆண்டு, குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயே, கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. கரையோர நிலமும் கடலடி நிலமும் அதன்படி முடிக்குரியவை. கரையைப் பொதுமக்கள் பயன்படுத்தலாம் என்ற பொதுவுரிமை அதிலே வழங்கப்படவில்லை. விடுதிகள் உரிமப் பத்திரம் பெற்று வேலியிட்டன. தலைமுறை தலைமுறையாகக் குளித்த கரையிலே ஊராரின் கால் படுவது குற்றமாயிற்று. இதனை எதிர்ப்போர் இன்னொரு பழஞ்சட்டத்தைத் தேடி எடுத்தனர். இருபது ஆண்டுகள் இடையூறின்றிப் பயன்படுத்திய கரையிலே மக்களுக்கு உரிமை உண்டு என்கின்றது 1882ஆம் ஆண்டுச் சட்டம். அதனைக் கையிலேந்தி அவர்கள் நீதிமன்றம் சென்றிருக்கின்றனர். ஓச்சோ ரியோஸை அடுத்த மாமி குடாவின் கரையும் அவ்வழக்குகளில் ஒன்று.

பிரயாணியை நாம் நோவதற்கில்லை. ஆண்டு முழுவதும் உழைத்து, இரண்டு வார விடுமுறையிலே சற்றுக் கடற்காற்று வாங்க வந்தவர்கள் அவர்களிற் பலர். கப்பலின் அடித்தட்டிலே சமைத்துத் துவைக்கும் பிலிப்பைன்ஸ், இந்திய, இந்தோனேசியத் தொழிலாளருக்கோ அந்த எட்டு மணி நேரமும் அரிது. அவனிடம் நாம் வேண்டுவது ஒன்றுதான்: நாளைத் தானே வகுத்துக்கொள்ளட்டும்.

காலையில் இறங்கியதும், துறைமுக வாசலிலுள்ள பளபளப்பான கடைகளைக் கடந்து வெளியே வரட்டும். ஊர்க்காரனின் வாடகை வண்டியில், கூலியை முன்னரே பேசிக்கொண்டு, சென்ற் ஆன்ஸ் குடாவுக்குப் போகட்டும். அங்கே செவில் மரபுரிமைப் பூங்காவிலே தைனோ ஊர், ஸ்பானியக் குடியேற்றம், ஆங்கிலக் கரும்புத் தோட்டம் மூன்றும் ஒரே நிலத்தில் ஒன்றன்மேலொன்றாய்க் கிடக்கின்றன. அருகே நூல்நிலையத்தின் முன்னால் கார்வியின் சிலை நிற்கின்றது. நண்பகலில் ஊர்ச் சாப்பாட்டுக் கடையிலே, மிளகாயும் மசாலையும் தடவிச் சுட்ட இறைச்சியை உண்ணட்டும். அப்பணம் அவ்வூரிலேயே தங்கும். பிற்பகலில் டன்ஸ் ஆற்று நீர்வீழ்ச்சிக்குப் போகட்டும். அறுநூறடி வரையில் படிப்படியாய் இறங்கிக் கடலிலே கலக்கும் அப்புனல் உண்மையிலேயே அழகானது. இறுதியில், மீனவர் படகுகள் கிடக்கும் கரையிலே சற்று நிற்கட்டும்.

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. யமேக்கா ஆண்டு முழுவதும் தன் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அமெரிக்கக் கிழக்குக்கரையோ கோடையிலே ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கின்றது. ஆகவே கப்பலின் நேரமும் கரையின் நேரமும் வேறுபடுவதுண்டு. தானாக வெளியே போனவனுக்காகக் கப்பல் காத்திராது. ஒரு மணி நேரம் முந்தித் திரும்புவதே புத்தி.

அவன் மாலையிலே போய்விடுவான். மறுநாட் காலையும் அங்கே இருப்பவர்கள் வண்டி ஓட்டியவனும், மரச் சிற்பம் விற்றவளும், வேலிக்கு இப்பால் நின்று கடலைப் பார்க்கும் சிறுவனுமே. ஐந்நூறு ஆண்டுகளாக வந்தவருக்கெல்லாம் சோறிட்டு வந்த கரை அது. அந்தச் சிறுவன் தன் பாட்டன் குளித்த கடலிலே எவருடைய அனுமதியும் கேளாமல் குளிக்கும் நாளே அவ்வூரின் விடுதலை நாளாகும். நாற்புறமும் கடல் சூழ்ந்த நாட்டில் வாழும் நாம், அவ்வழக்கின் தீர்ப்பை அயலார் விவகாரமென்று எண்ணிவிடலாகாது.