பெண்ணையாற்றங்கரையில் அருகநெறி

நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, ஓசூர் அருகே தமிழகத்துள் புகுந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருக்கோவலூர் வழியாகப் பாய்ந்து, கடலூருக்கு வடக்கே வங்கக் கடலில் கலக்கிறது. ஆலைகள் மலிந்த ஓசூரையும் பண்டைத் துறைமுகமாகிய கடலூரையும் இணைப்பது இந்த ஆறே.

இதன் கரையில் நம் முன்னோரின் சான்றுகள் இரண்டு உள்ளன. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி, பெண்ணையை அடுத்த ஜம்பையில் முனிவர் உறையப் பாழி அளித்ததை அங்குள்ள தமிழிக் கல்வெட்டு உரைக்கிறது. 1981இல் கண்டறியப்பட்ட இக்கல்வெட்டு, அசோகன் சாசனங்கள் கூறும் சத்தியபுத்திரர் அதியமரபினரே என்பதைத் தெளிவாக்கிற்று.

மற்றொன்று கடலூரின் திருப்பாதிரிப்புலியூர். அறிஞர் இவ்வூரெனக் கொள்ளும் பாடலிகையில், சர்வநந்தி முனிவர் சக ஆண்டு 380இல் (பொ.ஆ. 458) 'லோகவிபாக'த்தை எழுதினார். அது காஞ்சி வேந்தன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு. மூலநூல் மறைந்தது, சிம்மசூரியின் வடமொழி ஆக்கமே இன்று கிடைக்கிறது. சுழியத்தை இடமதிப்போடு ஆண்ட மிகப் பழைய நூல்களுள் ஒன்றாக உலகம் அதனைப் போற்றுகிறது.

1690இல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் தேவனாம்பட்டினக் கோட்டையை வாங்கினர். 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் அதுவே அவர்தம் தலைமையிடம். பின்னர்ச் சென்னை ஓங்கவே, கடலூர்த் துறையின் பெருமை குன்றிற்று.

துறைமுகத்தின் தாழ்வு காலத்தின் செயல்; ஆற்றின் தாழ்வோ நம் காலத்தவர் செயல். பெங்களூருவின் கழிவுநீரும் ஆலைக்கழிவும் கலந்து, கெலவரப்பள்ளி அணையில் நீர் நுரைத்துப் பொங்குகிறது. நீரை வடிகட்டிப் பருகி, அதில் வாழும் நுண்ணுயிர்க்கும் இரங்குவது நம் அறம். அவ்வறம் வீட்டுக் குடத்தோடு நில்லாது ஆற்றையும் தழுவுதல் வேண்டும்.