ஹேஸ்பரோ

ஹேஸ்பரோ இங்கிலாந்தின் கிழக்கே, நார்போக் கவுண்டியில் வடகடலின் கரையில் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிப்பவர்கள் இதனை ‘ஹாப்பிஸ்பர்க்’ என்றே ஒலிப்பர்; எனினும் உள்ளூர் வழக்கு ‘ஹேஸ்பரோ’ என்பதே. கடலரிப்பால் நிலத்தை இழந்து வரும் ஊராக இது பரவலாக அறியப்படுகிறது.

புவியியல்

நார்விச் நகருக்கு வடகிழக்கே, குரோமர், கிரேட் யார்மவுத் ஆகிய கடற்கரை நகரங்களுக்கு இடையே இவ்வூர் உள்ளது. சுற்றிலும் வேளாண் நிலங்கள் காணப்படுகின்றன. கரையோரச் செங்குத்துச் சரிவுகள் கடினப் பாறையால் ஆனவை அல்ல. அவை பெரும்பாலும் பனியுகப் பனிப்படலங்கள் விட்டுச்சென்ற களிமண், வண்டல், மணல் அடுக்குகளே. மணலில் இறங்கும் மழைநீர், நீர் புகாத களிமண்ணின் மேல் தேங்குவதால் மேலுள்ள மண் சரிகிறது. சரிந்த மண் அடிவாரத்திற்குச் சிறிது காலம் காப்பாக அமையும். அதனையும் அலைகள் அடித்துச் சென்றபின் சரிவு மீண்டும் தொடங்குகிறது.

இவ்வூருக்கு அப்பால் கடலில் உள்ள மணல்திட்டுகள் கப்பல்களுக்கு ஆபத்தானவை. 1801 இல் ‘இன்வின்சிபிள்’ என்னும் போர்க்கப்பல் இப்பகுதியில் தரைதட்டி மூழ்கியதில் ஏறத்தாழ 400 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் இவ்வூர்த் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். 1790 இல் கட்டப்பட்ட, சிவப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்ட கலங்கரை விளக்கம் இன்றும் இயங்குகிறது. 1990 முதல் தன்னார்வலர்கள் அதனைப் பராமரித்து வருகின்றனர்.

கடலரிப்பு

1950களின் இறுதியில் கரையோரம் மரத்தாலான அலைத்தடுப்புகள் அமைக்கப்பட்டன. 1990களில் புயலால் இவற்றின் ஒரு பகுதி சிதைந்தது. அவ்விடத்தில் கடல் விரைவாக உட்புகுந்து ஒரு சிறு வளைகுடாவையே உருவாக்கிவிட்டது. கடற்கரைச் சாலையில் இருந்த பல வீடுகள் மறைந்தன. 2012 இல் சரிவின் விளிம்பை ஒட்டியிருந்த ஒன்பது வீடுகள், அரசு நிதியுதவியுடன் விலைக்கு வாங்கப்பட்டு இடிக்கப்பட்டன. பொதுவாக இங்கிலாந்தில் கடலரிப்பால் வீடிழப்போருக்கு இழப்பீடு பெறும் சட்ட உரிமை இல்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

இக்கரை முழுவதையும் நிலையாகக் காப்பது அரசின் நீண்டகாலத் திட்டத்தில் இல்லை. செலவு ஒரு காரணம். இங்கு அரிக்கப்படும் மணலே தென்கிழக்கிலுள்ள கடற்கரைகளுக்குச் சென்று சேர்கிறது என்பது மற்றொரு காரணம். பொறியியல் நோக்கில் இவ்வாதம் வலுவானதே. ஆயினும் அதன் விலையைக் கொடுப்பவர்கள் இவ்வூர் மக்கள்.

தொல்லியல்

அரிப்பினால் வெளிப்பட்ட பழைய ஆற்றுப் படிவுகளில் கிடைத்த தீக்கல் கருவிகள் பற்றி 2010 இல் அறிவிக்கப்பட்டது. 2013 மே மாதத்தில் அலைகள் கடற்கரை மணலை அகற்றியபோது, சுமார் 50 காலடித் தடங்கள் தென்பட்டன. 8.5 முதல் 9.5 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை எனக் கணிக்கப்பட்ட இவை, ஆப்பிரிக்காவுக்கு வெளியே அறியப்பட்ட மிகப் பழைய மனித இனத் தடங்கள் என 2014 இல் அறிவிக்கப்பட்டன. சிறுவர்கள் உட்படக் குறைந்தது ஐவர் நடந்து சென்றிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இரு வாரங்களுக்குள் அலைகள் அத்தடங்களை முற்றிலும் அழித்துவிட்டன. அதற்குள் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களைக் கொண்டு அவற்றின் முப்பரிமாண உருவம் கணினியில் பதிவு செய்யப்பட்டுள்ளது.