ராஸ் தீவு: கட்டடங்களின் பெயரும் கட்டியவர்களின் பெயரும்

வண்டூர்க் கடற்கரையைக் காண அந்தமான் வரும் பயணிகளுள் பலர், போர்ட் பிளேருக்கு எதிரேயுள்ள ராஸ் தீவுக்கும் படகேறுகின்றனர். ஆங்கிலேயரின் தண்டனைக் குடியிருப்புக்குத் தலைமையிடமாக விளங்கிய அத்தீவு, 1941 நிலநடுக்கத்தில் சிதைந்தது. 1942-இல் ஜப்பானியர் வசமானது.

இன்று தேவாலயச் சுவர்களை மரவேர்கள் பற்றி நிற்கின்றன. தலைமை ஆணையர் மாளிகை, அடுமனை என்னும் பெயர்கள் அவற்றைப் பயன்படுத்தியோரையே சுட்டுகின்றன. 1858 மார்ச் 10 அன்று 200 கைதிகளுடன் தொடங்கிய இக்குடியிருப்பில், காடு திருத்திக் கட்டடம் எழுப்பியோர் கைதிகளே.

கடல்அளவையாளர் டேனியல் ராஸின் பெயர் தாங்கிய தீவு, 2018-இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவு எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயர்மாற்றம் ஆட்சியின் நினைவை மாற்றியது; உழைத்தோரின் பெயர்களோ இன்றும் இடப்பெயராகவில்லை. இடிபாடுகளைப் படமெடுப்போர் அவ்வின்மையையும் வரலாற்றுச் சான்றாகவே வாசித்தல் வேண்டும்.