வித்தையும் வியாபாரமும்

வித்தையை விற்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வித்தையைக் கற்றுக்கொடுத்தும் வாத்தியங்களை விற்றும் எண்பது வயது வரை வாழ்ந்த ஒருவரைப் பற்றி அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கீபோர்டு வகுப்புக்குப் போகும் என் பேத்தியின் பாடப் புத்தகத்தில்தான் முசியோ கிளெமென்டி என்ற அந்தப் பெயரை முதலில் பார்த்தேன்.

அவர் 1752-ல் ரோம் நகரில் ஒரு வெள்ளி வேலைக்காரரின் மகனாகப் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே பீட்டர் பெக்ஃபோர்டு என்ற ஆங்கிலேயச் செல்வந்தர் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அவருடைய கிராமத்து மாளிகையில் ஏழு வருஷம் அசுர சாதகம். 1781-ல் வியன்னாவில் சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப் முன்னிலையில் மொசார்ட்டுடன் போட்டி நடந்தது. மொசார்ட் தன் தந்தைக்கு எழுதிய கடிதங்களில் இவரை வெறும் இயந்திரம் என்று இகழ்ந்தார். இவரோ பிற்காலத்திலும் மொசார்ட்டின் வாசிப்பைப் புகழ்ந்தே பேசினார்.

அந்தக் காலத்து ஹார்ப்சிகார்டில் தந்தியை மீட்டித்தான் ஒலி எழும். விரலின் அழுத்தத்தால் ஒலி கூடாது, குறையாது. பியானோவில் சிறு சுத்தியல் தந்தியைத் தட்டுகிறது. மெல்லத் தொட்டால் மென்மை, ஓங்கித் தொட்டால் கம்பீரம். புதிய வாத்தியத்துக்குப் புதிய விரற்பயிற்சி வேண்டும் அல்லவா? அதை வகுத்துக் கொடுத்தவர்களில் கிளெமென்டி முக்கியமானவர். 1797-ல் வெளியான அவருடைய ஆறு சொனாட்டினாக்களை இன்றும் குழந்தைகள் பயில்கிறார்கள்.

அதற்கு அடுத்த வருஷம், நொடித்துப்போன ஒரு வாத்தியக் கம்பெனியைக் கூட்டாளிகளுடன் ஏற்று நடத்தத் தொடங்கினார். பியானோ உற்பத்தி, இசை நூல் பதிப்பு இரண்டும் உண்டு. 1807 மார்ச்சில் லண்டன் தொழிற்கூடம் தீக்கிரையானது. அடுத்த மாதமே வியன்னாவில் பீத்தோவனைச் சந்தித்து, அவருடைய படைப்புகளை இங்கிலாந்தில் வெளியிட ஒப்பந்தம் செய்தார்!

இனி மறுபக்கம். ஜான் ஃபீல்டு என்ற அயர்லாந்துச் சிறுவன் அவரிடம் சீடனாகச் சேர்ந்தான். வாங்க வருபவர்களுக்குக் கடையில் பியானோ வாசித்துக் காட்டுவதும் அவன் வேலையாயிற்று. 1802-ல் அவனை ரஷ்யாவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே குருவும் சீடனும் தங்கள் துணிகளைத் தாங்களே துவைத்துக் கொண்டிருந்ததையும், வளர்ந்துவிட்ட ஃபீல்டுக்கு உடுப்பு குட்டையாகிப் போயிருந்ததையும் வயலின் வித்வான் ஷ்போர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். துணி துவைப்பதில் இழிவில்லை. ஆனால் வசதியுள்ள குரு சீடனுக்கு அளவான ஒரு சட்டை தைத்துக் கொடுத்திருக்கலாம்.

அந்த ஃபீல்டுதான் பின்னால் ரஷ்யாவில் பெரும் புகழ் பெற்று, 'நாக்டர்ன்' என்ற இசை வடிவத்தைத் தந்தார். பிறகு ஷோப்பேன் அதே வடிவத்தை உச்சத்துக்குக் கொண்டு சென்றார்.

தன் பயிற்சி முறையையெல்லாம் திரட்டி 100 உருப்படிகள் கொண்ட 'கிராடுஸ் அட் பர்னாசும்' என்ற நூலை 1817 முதல் 1826 வரை மூன்று பாகங்களாக வெளியிட்டார் கிளெமென்டி. அப்போது வயது அறுபத்தைந்துக்கு மேல்! 1832-ல் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

வாத்தியத்தை விற்றது குற்றமென்று எனக்குத் தோன்றவில்லை. சீடனைக் கடைச் சரக்கோடு சேர்த்துக் கணக்குப் பார்த்ததுதான் குறை. அவர் கம்பெனி கைமாறி, பெயரும் மாறிவிட்டது. பேத்தி தினமும் வாசிக்கும் பாடம் மட்டும் அவர் பெயரிலேயே இருக்கிறது.