கண்புரை

கண்புரை என்பது கருவிழிப்படலத்துக்குப் பின்னால் உள்ள விழிவில்லை தெளிவிழந்து, விழித்திரைக்குப் போகும் ஒளியைத் தடுக்கும் நோய். மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதித் தமிழர்கள் இதைப் புரை என்றும், மராத்தி வழக்கை ஒட்டி மோத்திபிந்து என்றும் சொல்வர். இந்தியாவில் 2015–19இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் 66.2 விழுக்காட்டுக்குக் கண்புரையே காரணம்.

காரணங்களும் வகைகளும்

விழிவில்லையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர். எஞ்சியது பெரும்பாலும் புரதம். வயது ஏற ஏறப் புரத இழைகள் திரண்டு, வில்லை மங்குகிறது. நீரிழிவு, புகைபிடித்தல், கண்ணில் பட்ட அடி, நீண்டகால ஸ்டீராய்டு, புற ஊதாக் கதிர் ஆகியவை இதை விரைவுபடுத்தும். கருவுற்ற தாயைத் தாக்கும் ரூபெல்லாவால் குழந்தை புரையுடன் பிறப்பதும் உண்டு.

வில்லையின் நடுவில் தோன்றும் கருப்புரை மெதுவாக முற்றும். தொடக்கத்தில் கிட்டப்பார்வையைக் கூட்டுவதால், பல ஆண்டு கண்ணாடி போட்ட முதியவர் திடீரெனக் கண்ணாடியில்லாமல் நாளிதழ் வாசிப்பார், வீட்டார் மகிழ்வர். சில மாதங்களில் அந்தப் பார்வையும் போகும். ஓரங்களிலிருந்து ஆரம்போல் நீளுவது புறணிப்புரை. வில்லையின் பின்னுறையை ஒட்டிப் படிவது பின்னுறைப் புரை. நீரிழிவு உள்ளவர்களிடமும் ஸ்டீராய்டு எடுப்பவர்களிடமும் மிகுதி. இது அருகில் பார்க்கும் வேலையையே முதலில் கெடுக்கும். தாராவியில் தையல், எம்பிராய்டரி செய்வோருக்கு ஊசியில் நூல் கோப்பது கடினமாகும். வெயிலிலும் எதிர்வரும் வண்டி வெளிச்சத்திலும் கண் கூசும்.

வரலாறு

புரைக்கான அறுவைச் சிகிச்சையின் மிகப் பழைய விரிவான விளக்கங்களில் ஒன்று சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரத்தில் உள்ளது. நோயாளியை அமர்த்தி, மூக்கைப் பார்க்கச் சொல்லி, இரத்தக் குழாய்களைத் தவிர்த்துக் கண்ணின் வெண்பகுதியில் வாற்கோதுமை வடிவ முனை கொண்ட சலாகை என்னும் ஊசியைச் செலுத்துவர். இடக்கண்ணுக்கு வலக்கையும் வலக்கண்ணுக்கு இடக்கையும் பயன்படுத்த வேண்டும். வில்லையைப் பார்வைப் பாதையிலிருந்து விலக்கிய பின் நெய் தோய்த்த பஞ்சால் கட்டுவர். தும்மல், இருமல், ஏப்பம் கூடாது. சித்த மருத்துவ நூல்கள் கண் நோய்களை 96 என எண்ணின.

தமிழ்நாட்டில் கண் மருத்துவம் தஞ்சையில் மலர்ந்தது. மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தம் மருத்துவ நிலையமான தன்வந்திரி மகாலில் கண் சிகிச்சையும் நடத்தினார். நோயாளிகளின் கண்களை வண்ணத்தில் வரைந்த குறிப்பேடுகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. நோயாளியின் குறையும் அளித்த சிகிச்சையும் அவற்றில் பதிவாகியுள்ளன. சென்னையில் 1819இல் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை அதன் தொடர்ச்சி. அங்குக் கண்காணிப்பாளராக இருந்த ஆர். எச். எலியட், ஊர் ஊராகச் சுற்றி ஊசியால் வில்லையைத் தள்ளிய வைத்தியர்களைப் பற்றி 1917இல் லண்டனில் உரையாற்றினார். இம்முறை சீழ், கண் உள்ளழுத்த உயர்வு போன்ற கேடுகளை விளைத்ததை அவர் விளக்கினார். 

ஐரோப்பாவில் ஜாக் தாவியேல் 1747இல் வில்லையை வெளியே எடுத்தார். ஹரோல்ட் ரிட்லி 1949இல் லண்டனில் செயற்கை வில்லையைப் பொருத்தினார். சார்லஸ் கெல்மன் 1967இல் மீயொலி அலையால் வில்லையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, தன் உற்பத்திப் பிரிவான ஆரோலேப் வழியாக 1992 முதல் செயற்கை வில்லைகளைக் குறைந்த விலையில் தந்தது.

மும்பை

பார்சி வள்ளல் சர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமணியின் கொடையால் எழுந்த கண் மருத்துவமனை ஜே. ஜே. மருத்துவமனையின் பகுதி. அங்கு ஏராளமான புரை அறுவைகள் செய்த தாத்யாராவ் லஹானே 2008இல் பத்மஸ்ரீ பெற்றார். தாராவியை அடுத்த சயான் மாநகராட்சி மருத்துவமனையே அப்பகுதி மக்களின் முதல் புகலிடம். வடாலாவில் ஆதித்ய ஜோத் மருத்துவமனையை நிறுவிய விழித்திரை வல்லுநர் எஸ். நடராஜனும் பத்மஸ்ரீ (2013) பெற்றவர். அந்நிறுவனம் மும்பைக் குடிசைப்பகுதிகளில் நீரிழிவு விழித்திரை நோயை ஆய்ந்துள்ளது. புரை முற்றிவிட்டால் விழித்திரையைப் பார்க்க முடியாது என்பதால், நீரிழிவு உள்ளவர்களுக்கு இவ்விரு நோய்களையும் சேர்த்தே பரிசோதிக்க வேண்டும்.

இன்றைய சிகிச்சை

இன்று 3 மில்லிமீட்டருக்கும் குறைவான கீறலில் மங்கிய வில்லையை எடுத்து, மடக்கக்கூடிய செயற்கை வில்லை பொருத்துவர். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புவர். பின்னர் வில்லையின் உறை மங்கினால் லேசர் போதும். அறுவைக்குப் பின் வலி, சிவப்பு, பார்வைக் குறைவு தோன்றினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். புரையைக் கரைப்பதாக நிறுவப்பட்ட சொட்டு மருந்தோ மூலிகையோ இல்லை; அறுவை ஒன்றே தீர்வு. அதற்குப் புரை முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை.